ஓவர் டைம்

ஜுபைலில் இரவு முழுசாக வருவதில்லை.
ஆலையின் உச்சித் தீ
கேம்ப்புக்குப் பின்னால் கிடக்கும் மணலை
விடிய விடிய மஞ்சளாக வைத்திருக்கும்.
சாரக் குழாய் வெட்டிப் பற்றவைத்த கோல் கம்பங்கள்.
வலை மட்டும் அசல்:
நீரோடி ததேயுவின் கைமுடிச்சு.
மீனுக்குப் பழகிய விரல்.

ஷட்டவுன் லெவன் என்று எங்களுக்குப் பேர்.
ஆலையை நாற்பது நாள் நிறுத்திப் பழுது பார்த்த வருஷம்
சேர்ந்தவர்கள்.
ஆறு ரமலான், மூன்று கோப்பை.
ராஸ் தனூராவிலிருந்துகூட லாரி பிடித்து வருவார்கள்
பெர்க்மான்ஸின் இடதுகாலைப் பார்க்க.

நான் டைம் கீப்பர்.
எழுநூறு பேரின் வருகை எழுதுகிறவன்.
வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டாம் ஆள்;
ஆறு வருஷம் தண்ணீர்க் கேன்மேல் உட்கார்ந்து
யார் எங்கே ஓடுவான் என்று
மனப்பாடம் செய்தவன்.

ப்ராஜெக்ட் முடிந்தது.
ஃபைனல் எக்ஸிட் அடித்த பாஸ்போர்ட்டுகளை
பிஸ்கட் டப்பாவில் போட்டு நான்தான் கொண்டுவந்தேன்.
பதினொன்றில் பத்துப் பேருக்கு
ஒரே ராத்திரி, நாலு விமானம்.
"அப்போ ஆட்டம்?" என்றான் உவைஸ்.
ஆட்டம் இல்லை என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

எதிரணி ஃபனாத்தீர் வெல்டர்கள்.
எப்போதும் எங்கள் முட்டியைத் தேடி வருகிறவர்கள்.
அன்று கை கொடுத்தவர்கள் விடவே இல்லை.

இருபதாவது நிமிஷம் பெர்க்மான்ஸ் ஒன்று போட்டான்.
வழக்கம்போல் சட்டையைக் கழற்றிச் சுழற்றவில்லை.
அந்தச் சட்டையோடுதான் விமானம் ஏற வேண்டும்.

ஐம்பத்திரண்டில் முதல் வேன் ஹாரன் அடித்தது.
கொழும்பு.
மன்னார் லெம்பேட் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான்.
ஓட்டத்திலேயே உவைஸுக்குத் தள்ளிவிட்டு
அதே வேகத்தில் கோட்டைத் தாண்டி
பூட்ஸ் காலோடு வேனுக்குள் போய்விட்டான்.
"எழும்புடா" என்றார்கள்.
கேன்மேலிருந்து எழுந்தேன்.
இப்படித்தான் எனக்கு இடம் கிடைத்தது.

அறுபத்தெட்டில் திருவனந்தபுரம்.
நாலு பேர். பெர்க்மான்ஸும் ததேயுவும் அதில்.
ததேயு போகிற போக்கில் வலையில் ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தான்.
வெல்டர்கள் தங்களுக்குள் ஏதோ பேசி
அவர்களிலும் நாலு பேரை உட்கார வைத்தார்கள்.

எழுபத்தேழில் காத்மாண்டு:
கீப்பர் தீர் பகதூர்.
அந்தப் பக்கக் கீப்பரும்
கையுறையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

எண்பத்தொன்றில் அவர்களுடைய சுனோஜ்
ஆளில்லாத எங்கள் கோலுக்கு முன்னால் நின்றான்.
அடித்தான், முழுப் பலத்தோடு.
அடிக்காமல் விட்டிருந்தால்
நான் அவனை மன்னித்திருக்க மாட்டேன்.

கடைசியில் எனக்கும் ஒரு பந்து வந்தது.
நிமிர்ந்து பார்க்காமல் இடப்பக்கம் தட்டினேன்.
ஆறு வருஷமும் அங்கேதான் இருப்பான் பெர்க்மான்ஸ்.

பந்து உருண்டது.
கோட்டைத் தாண்டி, வேன்களின் டயர்த் தடத்தைத் தாண்டி
மணல்மேட்டில் ஏறி நின்றது.
யாரும் எடுக்கப் போகவில்லை.

ரெஃப்ரி இத்ரிஸ் தொண்ணூறைத் தாண்டியும் கடிகாரம் பார்க்கவில்லை.
சென்னை வேனின் ஹாரன்தான்
ஆட்டத்தை முடித்தது.

சனிக்கிழமை பதிவேட்டைத் திறந்தேன்.
பத்துப் பெயர்கள்மேல் கோடு இழுக்க வேண்டும்.
அதற்கு முன்னால் வெள்ளிக் கட்டத்தில்
ஒவ்வொருவருக்கும் வேன் வந்த நிமிஷம் வரை
ஓவர் டைம் போட்டேன்.
லெம்பேட்டுக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம்.
அதற்குமுன் ஒரு நிமிஷம்கூடக்
கள்ளக்கணக்கு எழுதியதில்லை நான்.
அன்றும் எழுதியதாக நினைக்கவில்லை.

கணக்குப் பிரிவிலிருந்து தாள் திரும்பி வந்தது,
சிவப்பு மையில் ஒரே கேள்வியோடு:
என்ன வேலை?

மேஜையில்தான் இருக்கிறது இன்னும்,
பறக்காமலிருக்க
அதன்மேல் கீப்பரின் கையுறை ஒன்று.
வெல்டர்களுடையது.
திருப்பிக் கொடுக்க வேண்டும்.